சக்கரம் ஓடாத நேரம்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வேலைக் கடிதம். ஐரோப்பாவில் டிரெய்லர் ஓட்டுகிற வேலை. மேலே கம்பெனி முத்திரை, கீழே யாரோ கிறுக்கிய கையெழுத்து, நடுவில் தடித்த எழுத்தில் சம்பளம். அடியில் அவன் கேள்வி: "அண்ணே, போகலாமா?"

படத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். சம்பளம் இருந்தது. தங்குமிடம் என்று ஒரு வரி இருந்தது. எத்தனை வாரம் வேலை, எத்தனை வாரம் லீவு என்பதும் இருந்தது. நான் தேடியது மட்டும் இல்லை. வண்டி நிற்கிற நேரத்துக்குக் காசு உண்டா என்று எங்கேயும் எழுதவில்லை.

நான் ஸ்டீரிங் பிடித்துப் பதினேழு வருஷம் ஆகிறது. கடைசிப் பதினோரு வருஷம் வெளிநாட்டில்: ஐந்து வருஷம் எமிரேட்ஸில் பஸ், அப்புறம் ஐரோப்பாவில் டிரெய்லர். டிரைவர் என்றால் ஓட்டிக்கொண்டே இருப்பான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சில நாள் பாதிப் பொழுது சக்கரமே சுற்றாது. லோடு ஏறும்வரை நிற்க வேண்டும், இறங்கும்வரை நிற்க வேண்டும், கப்பலுக்கு நிற்க வேண்டும், எல்லையில் நிற்க வேண்டும், அடுத்த ஆர்டர் வரும்வரை எங்கேயோ ஒரு பார்க்கிங்கில் கிடக்க வேண்டும். அந்த நேரத்தை யார் எப்படிக் கணக்கு எழுதுகிறார்கள் என்று பார்த்துத்தான் இப்போது ஒரு வேலையை எடை போடுகிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்சம் காசும் நிறையத் தூக்கமும் செலவானது.

தம்பியிடம் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் லைசென்ஸ். இன்டர்நேஷனல் பர்மிட் கையில் இருந்தால் எந்த நாட்டிலும் வண்டி ஓட்டலாம் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1949 ஜெனிவா ஒப்பந்தமும் 1968 வியன்னா ஒப்பந்தமும் சொல்கிற அந்தச் சிறு புத்தகம், உங்கள் சொந்த லைசென்ஸின் மொழிபெயர்ப்பு. வந்து போகிறவருக்கானது. வேலைக்கென்று போய் அங்கே குடியிருப்பு அட்டை வாங்கியதும் அந்த நாட்டு லைசென்ஸ் கேட்பார்கள். சில நாடுகள் சில நாட்டு லைசென்ஸை மாற்றிக் கொடுக்கும். அதுவும் பெரும்பாலும் காருக்கு. கனரக வண்டி என்றால் மறுபடி டெஸ்ட் என்றே மனதைத் தயார்செய்துகொண்டு போவது நல்லது.

எமிரேட்ஸில் லைசென்ஸ் எண்ணால் பேசும். 3 என்றால் கார், 4 என்றால் ஹெவி டிரக், 6 என்றால் ஹெவி பஸ். வேலை கேட்டுப் போனால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "ஆறாம் நம்பர் இருக்கா?" என்பார்கள். அந்த ஆறாம் நம்பருக்காக நான் முதல் டெஸ்ட்டுக்குப் போனபோது எனக்கு ஆறு வருஷ பஸ் அனுபவம். பத்து நிமிஷத்தில் ஃபெயில். கியரில் குறையில்லை, பிரேக்கில் குறையில்லை. "கண்ணாடி பார்க்கவில்லை" என்றார் அதிகாரி. "பார்த்தேன் சார்." "தலை திரும்பவில்லையே."

என் கண் திரும்பியது; அது எனக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை திரும்புவது தெரிய வேண்டும். அனுபவம் கூடக் கூட உடம்பு சிக்கனமாகிவிடும், தேவையில்லாமல் அசையாது. டெஸ்ட்டுக்கு அந்தச் சிக்கனம் ஆகாது. கனடாவில் டிரக் டெஸ்ட் எடுத்த நண்பர் ஒருவர் சொன்னார்: வண்டியைச் சுற்றிவந்து டயர், விளக்கு, ஏர் பிரேக் எல்லாவற்றையும் பார்க்கும்போது, என்ன பார்க்கிறாய் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டுமாம். மூன்றாவது தடவை தலையைக் கோழி மாதிரி ஆட்டி நான் பாஸ் ஆனேன். மூன்று டெஸ்ட்டுக்குமான பணத்தைக் கம்பெனி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. லைசென்ஸ் கைக்கு வரும்வரை வண்டி கழுவுகிற வேலை, பாதிச் சம்பளம். டெஸ்ட் செலவு யாருடையது, லைசென்ஸ் கிடைக்கும்வரை சம்பளம் எவ்வளவு என்று புறப்படுவதற்கு முன்னால் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கே எனக்குக் கிடைத்தது கட்டுமானத் தொழிலாளிகளை ஏற்றி இறக்குகிற பஸ். காலை நாலேகாலுக்குச் சாவி போட வேண்டும். ஐந்தரைக்கு ஆட்களை வேலையிடத்தில் இறக்கினால், திரும்ப ஏற்றுவது மாலை ஆறு மணிக்கு. கேம்பில் வண்டியை விடும்போது எட்டாகிவிடும். சம்பளச் சீட்டில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றுதான் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. ஏனென்றால் பஸ் நின்ற நேரத்தை அவர்கள் முழுதாக எண்ணவில்லை. நடுவில் பன்னிரண்டு மணி நேரம் நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கேம்புக்குத் திரும்பிப் போகக்கூடாது, டீசல் வீண். எஞ்சினைப் போட்டு ஏசியில் தூங்கக்கூடாது, அதுவும் டீசல். ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து பஸ் நிழலில் போட்டுப் படுப்போம். நிழல் நகர நகர அட்டையை இழுத்துக்கொண்டு நாமும் நகர வேண்டும். உச்சி வெயிலில் நிழல் பஸ்ஸுக்கு அடியில் போய்விடும். நாங்களும் அடியில் போய்ப் படுத்தோம். வரிசையாக ஏழெட்டு பஸ், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஜோடிக் கால்.

பஸ் வேலைக்குப் போகிற யாரும் இந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். பள்ளி பஸ்ஸுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் மட்டுமல்ல, நகர பஸ்ஸுக்கும் கூட்டம் காலையிலும் மாலையிலும்தான். அதனால் ஷிஃப்ட்டை இரண்டாக வெட்டுவார்கள். நடுவிலிருக்கும் நாலைந்து மணி நேரத்துக்குக் கூலி உண்டா, படுக்க ஓர் அறையாவது உண்டா என்பது நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சுற்றுலா கோச் இன்னொரு கதை. ஐரோப்பாவில் சுற்றுலா பஸ் டிரைவரின் வார ஓய்வைச் சில நிபந்தனைகளோடு பன்னிரண்டு நாள் வரை தள்ளிப்போட விதியே இடம் கொடுக்கிறது.

ஓய்வு பற்றிப் பேச்சு வந்ததால் சிங்கப்பூரைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2012 நவம்பர் 26ஆம் தேதி சீனாவிலிருந்து வந்திருந்த 171 பஸ் டிரைவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். சிங்கப்பூரில் 1986க்குப் பிறகு நடந்த முதல் வேலைநிறுத்தம் அது. மலேசிய டிரைவருக்கு மாதம் 1,400 சிங்கப்பூர் டாலர், அதே பஸ்ஸை ஓட்டிய சீன டிரைவருக்கு 1,075. தங்குமிடத்தில் மூட்டைப்பூச்சி. அத்தியாவசியச் சேவையில் முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தம் செய்வது அங்கே குற்றம் என்பதால் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், 29 பேரைத் திருப்பி அனுப்பினார்கள். பூச்சி கடிக்கிற படுக்கையில் புரண்டுவிட்டு விடிகாலையில் ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு போகிற வேலை எப்படிப்பட்டது என்று டிரைவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சரி, ஐரோப்பா.

இங்கே லைசென்ஸ் மட்டும் போதாது. சி (டிரக்), சிஇ (டிரெய்லர் கோத்த டிரக்) என்று பிரிவு வாங்கியபின் அதன்மேல் 95 என்ற எண் ஏற வேண்டும். தொழில்முறை டிரைவர் என்பதற்கு அதுதான் அடையாளம். முழுப் பயிற்சி 280 மணி நேரம், சுருக்கப் பயிற்சி 140 மணி நேரம், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை 35 மணி நேரம் மறுபடி வகுப்பு. பெட்ரோல், ரசாயனம் ஏற்ற வேண்டுமென்றால் ஏடிஆர் சான்றிதழ் தனி. அதற்கும் ஐந்து வருஷம்தான் ஆயுள். வெளி நாட்டவர் ஐரோப்பியக் கம்பெனி வண்டியை எல்லை தாண்டி ஓட்ட டிரைவர் அட்டெஸ்டேஷன் என்று ஒரு தாளும் வண்டியில் இருக்க வேண்டும். அந்தத் தாள் டிரைவருக்குச் சொந்தமில்லை. அது கம்பெனியின் சொத்து, கம்பெனி பெயரில் வாங்குவது. சண்டை போட்டு இறங்கினால் அது உங்களோடு வராது. அடுத்த கம்பெனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். பொறுத்துப் போகிறவர்கள் ஏன் அப்படிப் பொறுக்கிறார்கள் என்று கரையில் நின்று கேட்பவர்கள் இந்தத் தாளைப் பார்த்ததில்லை.

அடுத்தது டிரைவர் கார்டு. ஏடிஎம் கார்டு அளவு, உங்கள் போட்டோ, ஒரு சிப். காலையில் கேபினில் ஏறியதும், டிரைவரின் நேரத்தைப் பதிவுசெய்கிற டேக்கோகிராஃப் பெட்டியில் செருக வேண்டும். அந்தப் பெட்டிக்கு நான்கே படம் தெரியும். ஸ்டீரிங் என்றால் ஓட்டுகிறான். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் என்றால் வேறு வேலை செய்கிறான். குறுக்குக்கோடு போட்ட கட்டம் என்றால் கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கிறான். கட்டில் என்றால் ஓய்வு. சக்கரம் சுற்றினால் ஸ்டீரிங் தானாக விழும். வண்டி நின்றபின் மற்ற மூன்றில் எது என்று டிரைவர்தான் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய டிரக் வேலையின் நல்லது கெட்டது மொத்தமும் அந்தப் பட்டனில் இருக்கிறது.

விதிகளைப் படித்தால் சொர்க்கம் என்று தோன்றும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆக வேண்டும். தினமும் 11 மணி நேர ஓய்வு. இரண்டு வார ஓய்வுக்கு நடுவில் மூன்று தடவை 9 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். முழு வார ஓய்வு 45 மணி நேரம், அதையும் கேபினில் படுத்துக் கழிக்கக்கூடாது. கம்பெனி செலவில் ஒழுங்கான இடம் வேண்டும். பெல்ஜியத்தில் கேபினில் கழிப்பதைப் பிடித்தால் அபராதம் 1,800 யூரோ. எமிரேட்ஸில் பஸ்ஸுக்கு அடியில் படுத்தவனுக்கு இதையெல்லாம் முதல் நாள் வகுப்பில் கேட்டபோது அழுகை வராத குறை.

அப்புறம் முதல் குளிர்காலம் வந்தது. ஒரு கிடங்கில் 33 பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) ஏற்ற வேண்டும். காலை பத்துக்கு வரச் சொன்னார்கள். கதவு கிடைத்தது மதியம் ஒன்றரைக்கு. ஏற்றி முடிக்க மூன்றரை ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் டிரெய்லருக்குள்தான் இருந்தேன்: எண்ணிக்கை பார்த்தேன், உடைந்த பேலட்டைத் திருப்பி அனுப்பினேன், ராட்செட் பெல்ட் போட்டு இழுத்தேன். விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. முறைப்படி சுத்தியல்தான் போட வேண்டும், போட்டிருந்தேன். வண்டிகளுக்கு ஆர்டர் கொடுக்கிற டிஸ்பாச்சர் போன் செய்தான். அவனுக்கு என் டேக்கோ அலுவலகத்திலிருந்தே தெரியும். "ஏன் சுத்தியல்? லோடிங்கில் எப்போதும் கட்டில் போடு. எல்லோரும் அப்படித்தான்."

கட்டில் போட்டால் அவனுக்கு என்ன லாபம்? நான் பெல்ட் இழுத்த நேரம் ஓய்வாக எழுதப்படும். அன்றைக்கு என்னால் இன்னும் நெடுநேரம் ஓட்ட முடியும் என்று கணக்கு சொல்லும். சம்பளக் கணக்கிலும் அது வேலை நேரமாக ஏறாது. ஒரே பட்டன், இரண்டு லாபம். எனக்கு இரண்டும் நஷ்டம். அடுத்த தடவையிலிருந்து கட்டில் போட்டேன். புது ஆள், கார்டு புதிது, அந்த அட்டெஸ்டேஷன் தாள் அவர்கள் கையில்.

இரண்டு மாதம் கழித்து ஒரு இரவு. மணி இரண்டு இருக்கும். கார்டின் கணக்குப்படி நான் நன்றாக ஓய்வெடுத்த மனுஷன். திடீரென்று வலது பக்கத்திலிருந்து தகரத்தை இரும்புக்கம்பியால் உரசுகிற மாதிரி ஒரு சத்தம், கேபின் முழுக்க அதிர்வு. சாலை ஓரத்தில் வெட்டிவைத்திருக்கும் வரிப்பள்ளத்தில் டயர் ஏறியிருந்தது. எத்தனை வினாடி தூங்கினேன் என்று தெரியவில்லை. 40 டன் வண்டி, மணிக்கு 85 கிலோமீட்டர். அடுத்த பார்க்கிங்கில் இடமே இல்லை. ஜெர்மனியில் சாயங்காலம் ஐந்தாறு மணிக்கே டிரக் பார்க்கிங் நிரம்பிவிடும். வெளியேறும் பாதையின் ஓரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் நிறுத்தினேன். கை அரை மணி நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். சில நாளில் ஒரு சோதனை. அதிகாரி கார்டைப் படித்தார். அப்போது 28 நாள் கணக்கைப் பார்ப்பார்கள், 2024 கடைசி நாளிலிருந்து அது 56 நாள் ஆகிவிட்டது. அப்புறம் சிஎம்ஆர் எனப்படும் சரக்குச் சீட்டுகளைக் கேட்டார். ஏற்றத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தது. கார்டில் அதே நேரத்தில் கட்டில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்கும் பேச ஒன்றும் இல்லை. அபராதத்தைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்று கம்பெனியிடம் கெஞ்சினேன். "பட்டனை அழுத்தியது நீதானே?" என்றார்கள். அதுவும் உண்மைதான். அழுத்தச் சொன்னது போனில். அழுத்தியது மட்டும்தான் கார்டில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த உத்தரவையும் எழுத்தில் அனுப்பச் சொல்வேன். "சிக்னல் சரியில்லை, மெசேஜ் போடுங்கள்" என்றால் போதும். பாதி உத்தரவுகள் அங்கேயே செத்துப்போகும். லோடு முடிந்து வண்டியில் ஏறியதும் டேக்கோவிலிருந்து அந்த நாளின் தாளை அச்சிட்டு எடுத்து, பின்பக்கத்தில் கிடங்கின் பெயரும் காத்திருந்த நேரமும் எழுதி வைப்பேன். சரக்குச் சீட்டில் 18ஆம் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. பேலட் உடைந்திருந்தால், எண்ணிக்கை பார்க்க விடவில்லையென்றால் அதில் எழுத வேண்டும். எழுதாமல் கையெழுத்துப் போட்டால், வெளிப்பார்வைக்குச் சரக்கு நல்ல நிலையில்தான் இருந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். 1956ஆம் வருஷ ஒப்பந்தம், இன்றைக்கும் அதுதான் பேசும்.

நிற்கிற நேரத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடுகிற டிரெய்லரில் யாரும் ஏறுவதில்லை. பிரான்ஸில் கலே துறைமுகம் பக்கம் இரவில் நிறுத்திவிட்டு, காலையில் பூட்டும் சீலும் பார்க்காமல் இங்கிலாந்துக்குப் போனால், உள்ளே ஆள் ஒளிந்திருந்தது தெரிய வந்தால் ஆளுக்கு 10,000 பவுண்டு வரை அபராதம். டிரைவருக்கும் போடலாம்.

சம்பளச் சீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். கிழக்கு ஐரோப்பாவில் பதிவான பல கம்பெனிகளில் அடிப்படைச் சம்பளம் சின்னது, தினப்படி பெரியது. கடிதத்தில் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டு மயக்குவார்கள். காய்ச்சலில் படுத்தாலோ, லீவில் போனாலோ, வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலோ படி நின்றுவிடும். கையில் வருவது அடிப்படை மட்டும். வட அமெரிக்காவில் பெரும்பாலும் மைலுக்கு இவ்வளவு என்று கூலி. கிடங்கில் காத்திருக்கிற நேரத்துக்கு டிட்டென்ஷன் என்று ஏதோ தருவார்கள், அதுவும் பல இடங்களில் முதல் இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு. ஐரோப்பிய விதி, பாதுகாப்பைக் கெடுக்கிற விதத்தில் தூரத்தை வைத்துக் கூலி கொடுக்காதே என்கிறது. ஆனாலும் மாதக் கடைசியில் 'இத்தனை கிலோமீட்டர் ஓடினால் போனஸ்' என்று மெசேஜ் வரும்.

2023 வசந்தத்தில் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பக்கம் கிரேஃபன்ஹவுசன் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அறுபதுக்கு மேற்பட்ட டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, சம்பளம் வரும்வரை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் என்று பல நாட்டுக்காரர்கள், எல்லோரும் ஒரே போலந்து நிறுவனக் குழுமத்தின் வண்டிகளை ஓட்டியவர்கள். வண்டிகளைப் பிடுங்க முதலாளி கவச வாகனத்தோடு அடியாள் கூட்டத்தைக் கூட்டிவந்தார். போலீஸ் அவர்களைத்தான் பிடித்தது. கடைசியில் சுமார் 3 லட்சம் யூரோ பாக்கி கைக்கு வந்தது. கோடைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஒரு போராட்டம். சரக்கு யாருடையதோ அந்தப் பெரிய கம்பெனிகள் வரை பேச்சு போன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எனக்கு அதில் பிடித்தது, அவர்கள் எதையும் உடைக்கவில்லை. வெறுமனே சக்கரத்தை நிறுத்தினார்கள். காசில்லாமல் நின்று பழகியவர்களுக்கு நிற்பது கஷ்டமா என்ன?

இவ்வளவு சொன்ன பிறகும் தம்பி விடவில்லை. "ஆள் பற்றாக்குறை என்கிறார்களே அண்ணே, அப்படியென்றால் நமக்கு மதிப்பு இருக்கத்தானே வேண்டும்?"

பற்றாக்குறை உண்மை. ஆனால் கதவு திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. 2021இல் பிரிட்டனில் பெட்ரோல் பங்க் வறண்டபோது லாரி டிரைவர்களுக்கு 5,000 தற்காலிக விசா அறிவித்தார்கள். முதலில் கிறிஸ்துமஸ் வரைதான் என்றார்கள். மூன்று மாத வேலைக்கு யார் பெட்டி கட்டுவார்கள்? வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் டிரக் டிரைவர்களுக்கான வேலை விசாவை ஒரே அறிவிப்பில் நிறுத்திவைத்தது. கனடாவில் 2018 ஏப்ரலில் சஸ்காச்சுவானில் ஒரு டிரக், ஹாக்கி வீரர்கள் போன பஸ்ஸோடு மோதி 16 பேர் இறந்தார்கள். டிரக் ஓட்டியவர் வேலைக்குப் புதியவர், பயிற்சி சில வாரம். அடுத்த வருஷமே அந்த மாகாணம் 121.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஒன்டாரியோவில் 2017 முதலே 103.5 மணி நேரம் உண்டு. எனவே "பத்து நாளில் கனடா லைசென்ஸ்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

புதிதாகத் திறந்த கதவு என்றால் ஜப்பான். 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அங்கே டிரைவர்களின் ஓவர்டைம் வருஷத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அதே வருஷம் டிரக், பஸ், டாக்சி ஓட்டும் வேலையை வெளிநாட்டுத் திறன் தொழிலாளர் விசாவில் சேர்த்தார்கள். ஐந்து வருஷத்தில் 24,500 பேர் வரை என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். அறிவிக்கும்போது டிரக்குக்கு ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 என்ற அடிப்படை அளவு, பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் அதற்கு ஒரு படி மேலான என்3 என்று கேட்டார்கள். இந்த வித்தியாசம் எனக்கு நியாயமாகவே படுகிறது. சரக்கு கேள்வி கேட்காது. பஸ்ஸில் ஒரு பாட்டி ஏறி, இது எந்த நிறுத்தம், எங்கே மாற வேண்டும், என் பை எங்கே என்று கேட்பார்.

ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்கலாமா என்ற கேள்விக்கு எப்போதும் என் பதில் ஒன்றுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருஷ 181ஆம் ஒப்பந்தம், தனியார் வேலை ஏஜென்சி தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. எமிரேட்ஸ் தொழிலாளர் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்கிறது. கனடாவில் வெளியாளைத் தற்காலிக வேலைக்கு எடுக்க முதலாளி கட்ட வேண்டிய எல்எம்ஐஏ கட்டணம் 1,000 டாலர், அதை நம்மிடம் திருப்பி வசூலிக்க அவருக்கு உரிமையில்லை. இதெல்லாம் சட்டம். நடப்பில் பலர் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள், நானும் கொடுத்தேன். அதனால் என்ன ஆகிறதென்றால், கடனோடு இறங்குகிறவன் கட்டில் பட்டனைச் சீக்கிரம் அழுத்துவான்.

சர்க்கரை, கண், காது, தூக்கத்தில் மூச்சுத்திணறல். இவற்றைச் சொந்தச் செலவில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அங்கே போய் மெடிக்கலில் விழுந்தால் திரும்பி வருகிற செலவும் சேர்ந்துகொள்ளும்.

தம்பிக்குக் கடைசியில் நான் எழுதிக்கொடுத்தது மூன்றே கேள்வி. அடிப்படைச் சம்பளம் தனியாக எவ்வளவு, படி தனியாக எவ்வளவு? 45 மணி நேர ஓய்வுக்கு அறை யார் எடுப்பார்கள்? லோடு ஏற்றும்போது டேக்கோவில் எந்தப் படம்? விதிப்படி நாலு வாரத்துக்கு ஒரு தடவை டிரைவர் வீட்டுக்கோ கம்பெனி இருக்கும் ஊருக்கோ திரும்ப ஏற்பாடு செய்ய வேண்டும். கடல் தாண்டி வந்தவனுக்கு 'வீடு' என்றால் நடைமுறையில் கம்பெனி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் கன்டெய்னர் அறை. அதையும் கேட்கச் சொல்ல நினைத்தேன், பையன் பயந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன்.

வீடியோ நேர்காணலில் கேட்டானாம். முதல் இரண்டுக்கும் நேர்காணல் எடுத்த பெண் கடகடவென்று பதில் சொல்லியிருக்கிறார், எண்களோடு. மூன்றாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பக்கத்தில் யாரிடமோ அவர்கள் மொழியில் ஏதோ பேசினார். ஓர் ஆண் குரல் சிரித்தது. திரும்பிவந்து, "நீங்கள் இதற்கு முன் ஐரோப்பாவில் ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். இல்லை என்றதும், "சுத்தியல்தான், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

அதை ஒரு மெயிலில் எழுதி அனுப்பச் சொல் என்றேன். ஒன்பது நாள் ஆகிறது. பையன் தினமும் காலையில் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு ஒரு கட்டில் படம் அனுப்புகிறான்.